நாற்பது நிமிட ராலி வீரன்

கார்ப் பந்தயக்காரர்களின் வாழ்க்கையில் தொடக்க காலம், உச்ச காலம், ஓய்வுக் காலம் என்று மூன்று உண்டு. எனக்குத் தொடக்க காலம் மட்டும்தான். அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நாற்பது நிமிடம். ஆனாலும் அந்த நாற்பது நிமிடமும் நான் நம்பிக்கைக்குரிய இளம் ராலி வீரன். (சொன்னது நானல்ல, என் முதலாளி.)

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. துபாயில், அல் கூஸில் ஒரு கராஜில் பிக்கப் ஓட்டிக்கொண்டிருந்தேன். செய்வது டிரைவர் வேலை, விசாவில் இருப்பது ஹெல்பர். பக்கத்து இருக்கையில் என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி ஜெரோம். பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வருவதுதான் அவனுடைய முக்கியமான டூட்டி.

காரணம் உண்டு. எங்கள் பிக்கப் எண்பதுக்கு மேல் போகாது. நெடுஞ்சாலையில் பின்னாலிருந்து பறந்து வரும் பெரிய வண்டி விளக்கை ஒருமுறை மின்ன விட்டால் 'ஒதுங்கு' என்று அர்த்தம். "அத்தான், லைட் அடிக்கான்" என்பான் ஜெரோம். அவன் வாயை மூடுவதற்குள் வலப்பக்கத் தடத்துக்குப் போயிருப்பேன். ஆறு வருடப் பழக்கம். மூளையிடம் அனுமதி கேட்காமலே கை திரும்பிவிடும்.

முதலாளி சயீதுக்கு மணல் பைத்தியம். ஒருநாள் அவருடைய பாலைவனக் கூடாரத்துக்கு ஆறு பெரிய தட்டு பிரியாணி கொண்டுபோனேன். தூத்துக்குடிக்காரனுக்கு மணல் என்பது கொஞ்சம் சோம்பேறியான கடல், அவ்வளவுதான். அதுவும் எழும்பும், சரியும், காற்று சொன்னபடி முதுகை வளைக்கும். அந்த முதுகின் மேல் பிக்கப்பை மிதக்கவிட்டுப் போய்ச் சேர்ந்தேன். ஒரு பருக்கை சிந்தவில்லை. சயீத் மூடியைத் திறந்து பிரியாணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பிரியாணியைப் பார்த்தார். அடுத்த மாதம் நடக்கும் ராலியில் அவருடைய இரண்டாவது கார் எனக்கு என்றார். முதல் பத்துக்குள் வந்தால் அணியில் நிரந்தர இடம், டிரைவர் விசா.

டிரைவர் விசாவும் அதற்கேற்ற சம்பளமும் வந்தால் ஸ்டெல்லாவைக் கூட்டிவந்துவிடலாம். கல்யாணமாகி மூன்று வருடத்தில் நாங்கள் சேர்ந்திருந்தது எழுபது நாள். நான் அவளிடம் சொன்னேன், அவள் ஊரிடம் சொன்னாள். ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார் எனக்காக மன்றாட்டே வைத்துவிட்டார்.

பதினான்கு கார்கள். கொடி இறங்கியதும் மொத்தமாகப் பாய்ந்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாகத்தான் ஓட்டினேன். மணல் பொன்னாக இருந்தது, செம்பானது, பிறகு நிறமே இல்லாமல் வெறும் வெளிச்சமானது. கால் மணி நேரத்தில் மூன்றாவது இடம். ஸ்டெல்லா விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள் என்றே எனக்குத் தோன்றியது.

அப்போது ஜெரோம், ராலியிலும் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வழிக் குறிப்பைப் பார்க்க வேண்டியவன், கண்ணாடியைப் பார்த்தான்.

"அத்தான், லைட் அடிக்கான்."

ஒதுங்கிவிட்டேன். இண்டிகேட்டர் வேறு போட்டேன். (பாலைவனத்தில்.) பின்னால் வந்த கார் ஒரு கணம் தயங்கியது, பிறகு கடந்து போனது. அடுத்தது. அதற்கும் அடுத்தது. எட்டாவதாகப் போனவர் கையசைத்து நன்றி சொன்னபோது மனசு நிறைந்துவிட்டது. கடைசியாக வந்த காரின் முன்பக்க பம்பர் கழன்று தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது. எனக்கே கொஞ்சம் ரோஷம் வந்தது.

"இவனுக்கும் ஒதுங்கணுமால?"

"நமக்கு எதுக்கு அத்தான் வம்பு? வண்டி பின்னால மொதலாளி போன் நம்பர் எழுதிருக்கு. போன் போட்டுச் சொல்லிட்டாம்னா?"

நியாயமாகப் பட்டது. ஒதுங்கினேன்.

பதினான்காவதாக வந்து சேர்ந்தோம். சயீத் இந்தியில் விசாரித்தார். கியர் போச்சா, பிரேக்கா, டயரா? ஒன்றுமில்லை என்றேன். பிறகு ஏன் பதினோரு தடவை ஒதுங்கி நின்றாய்? லைட் அடித்தார்களே என்றேன். அவர் பம்பர் கழன்ற காரின் டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் யாருக்கும் லைட் அடிக்கவில்லையாம். தூசியில் தெரிவதற்காக எல்லாக் கார்களும் விளக்கை எரியவிட்டே ஓட்ட வேண்டும் என்பது விதி. மணல்மேட்டில் ஏறி இறங்கும்போது விளக்கும் ஏறி இறங்கும். எங்களிடம் யாருமே வழி கேட்கவில்லை.

சயீத் சிரித்தார். நிற்க முடியாமல் மணலில் உட்கார்ந்து சிரித்தார். எனக்கோ ஸ்டெல்லாவிடம் எப்படிச் சொல்வது என்ற ஒரே யோசனை. சும்மா நிற்க முடியாமல், ஜெரோமைக் கூட்டிக்கொண்டு போய் அந்த பம்பரைத் தூக்கிக் கம்பியால் கட்ட ஆரம்பித்தேன். கட்டி முடித்து நிமிர்ந்தபோது அவர் சிரிப்பு நின்றிருந்தது. பம்பரை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.

"முன்னால போறது உனக்கு கலாஸ்" என்றார் இந்தியில். "இனிமே எல்லாருக்கும் பின்னால வா."

ராலிக்குப் பின்னால் ஒரு வண்டி வரும். புதைந்த கார்களை இழுக்க, உடைந்ததைக் கட்ட. அந்த வண்டிக்கு நான் டிரைவர். விசாவிலும் டிரைவர். அடுத்த வருடம் ஸ்டெல்லா வந்து இறங்கினாள். விமான நிலையத்திலிருந்து காரில் வரும் வழியிலேயே ஜெரோம் அக்காவிடம் முழுக் கதையையும் சொல்லிவிட்டான்.

விளைவை இன்றும் அனுபவிக்கிறேன். எங்கள் வீட்டில் ஒரே குளியலறை, ஸ்விட்ச் வெளியே. காலையில் ஸ்கூல் பஸ் வரும் நேரத்தில் என் மகள் கதவைத் தட்டுவதில்லை, கூப்பிடுவதில்லை. விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போடுகிறாள். தலையில் ஷாம்பு நுரையோடு வெளியே வந்து நிற்கிறேன்.