நடுவில் நின்ற குரல்

மனைவி நெண்டெனின் அழுகையை நிறுத்தியே தீருவது என்று சுஹெர்மன் முடிவு செய்தான். பண்டுங் நகரத்திலேயே தினமும் கருகின சோயா தெம்பே வறுவல் தின்று உயிரோடிருக்கும் ஒரே ஆண்பிள்ளை அவன்தான்.

மகள் வுலான் காய்ச்சலில் போனதிலிருந்து இப்படித்தான். சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் நெண்டென் அடுப்படியில் நின்று மகள் பாடின பாட்டைப் போடுவாள். பாட்டு தொடங்கும், அழுகை தொடங்கும், வாணலியில் தெம்பே கருகும். எதிரே தன் ஒலிப்பதிவு ஸ்டூடியோவின் கண்ணாடிக்குள்ளிருந்து அவன் பார்த்திருப்பான். சுவரெல்லாம் முட்டை அட்டை. சத்தம் உள்ளே வராது. அவள் முகம் மட்டும் வரும்.

அந்தப் பாட்டைப் பதிவு செய்தவன் அவன்தான். அவன் கணினியில் அதற்கென்று ஒரு பிளக்-இன் இருந்தது. பதிவை நடு, ஓரம் என்று பிரித்துத் தரும். இரண்டு காதிலும் ஒன்றுபோல விழுவது நடு. காதுக்குக் காது மாறுவது ஓரம். வுலான் நடுவில் நின்று பாடியிருந்தாள். ஓரத்தில் கூரை மழை, யாரோ நாற்காலி இழுத்த சத்தம்.

நடுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால்? குழந்தை மெல்ல எழுந்து அறையை விட்டுப் போனதுபோல இருக்கும். அழுகையும் கூடவே போய்விடும்.

நெண்டென் துணி உலர்த்த மாடிக்குப் போகும்போதெல்லாம் அடுப்படிப் பாட்டுப் பெட்டியின் பென்டிரைவை மாற்றி வைத்தான். ஒருநாள் நடுவை முழுவதுமாக எடுத்துவிட்டான். ஹெட்போனில் மழை மட்டும். மழைக்குள், சுவரில் பட்டுத் திரும்பின வுலான் குரலின் ஈரம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான்.

அன்றைக்கு நெண்டென் பெட்டியின் முன் நின்று சிரித்தாள். தலையை ஆட்டினாள். தெம்பே பொன்னிறம்.

பெருமை தாங்காமல் சுஹெர்மன் அடுப்படிக்கே வந்தான். பெட்டியில் விளக்கு எரிந்தது. சத்தமில்லை. காதை வைத்தான். மழைகூட இல்லை.

அப்போதுதான் உறைத்தது. அதில் இருப்பது ஒரே ஒரு ஸ்பீக்கர். ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு ஓரமும் அதற்குள் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். நடுவும் இல்லையென்றால் மிச்சம் ஒன்றுமில்லை. ஒற்றை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்காமல் எந்தப் பாட்டையும் வெளியே விடாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் அவன்.

"நெங், இதுல ஒண்ணுமே கேக்கலையே!"

"ஆமா அகாங்." நெங், அகாங் என்பது அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் செல்லப் பேர்.

"அப்ப எதுக்குத் தலையை ஆட்டிக்கிட்டு நின்னே?"

"நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்களே. மனுஷன் இவ்வளவு பாடுபடுறாரேன்னுதான்."

"எப்பக் கண்டுபிடிச்சே?"

"முதல் நாளே. பிள்ளை ஒரு அடி பின்னால போனா பெத்தவளுக்குத் தெரியாதா?"

"அப்ப அழுகை நின்னது?"

"எங்க நின்னுச்சு? இடம் மாறிருச்சு. பக்கத்து வீட்டு எந்தின் அக்கா போன்ல பாட்டு இருக்கு. வுலானே அனுப்பினது. துணி உலர்த்தப் போறேன்னு மாடி வழியா அங்கதான் போறேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்க இந்தப் பாட்டு வேலையை விட்டுருவீங்க. அப்புறம் எங்க போய் அழுவீங்க? ஸ்டூடியோ கண்ணாடி ரெண்டு பக்கமும் தெரியும் அகாங்."

அவன் பெட்டியிலிருந்து பென்டிரைவைக் கழற்றினான்.

"நாளைக்கு நானும் வரட்டுமா?"

"வாங்க. வரும்போது அந்தத் துணி வாளியைத் தூக்கிட்டு வாங்க. இத்தனை நாளா காஞ்ச துணியையே தூக்கிக்கிட்டு மாடி ஏறி இறங்கி என் இடுப்பு ஒடிஞ்சு போச்சு."