தொப்பி என்று மாற்றச் சொன்னவர்

உலகத்தில் பாடுகிறவர்கள் உண்டு, கேட்கிறவர்கள் உண்டு. இரண்டிலும் சேராமல், பாடுகிறவனுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, ‘இவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்’ என்கிற மூன்றாவது இனம் ஒன்று உண்டே, பார்த்திருக்கிறீர்களா? அமெரிக்காவின் மிசிசிப்பிப் பருத்திக்காட்டு ஊர்களில் கறுப்பின மக்களின் ப்ளூஸ் பாட்டுகள் இசைத்தட்டாக வர ஆரம்பித்ததும் இந்த இனம் காளான் மாதிரி முளைத்தது.

எங்கள் ஊருக்கு வாய்த்தவர் டெம்ப்ஸி பார்லோ. அவர் கிட்டாரைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. ஆனால் எந்த இசைத்தட்டு சுழன்றாலும் முதலில் கண்ணை மூடுவார், பிறகு பெற்ற பிள்ளை பரீட்சை எழுதுவதைப் பார்க்கிற தகப்பன் மாதிரி தலையை ஆட்டுவார், அப்புறம் ஒரு பெருமூச்சு விடுவார். பெருமூச்சு வந்தால் பின்னாலேயே கதை வரும். ஒற்றைப்பல் லான்சோ என்கிற பாடகன், உடைந்த கண்ணாடிப் பாட்டிலின் கழுத்தை விரலில் மாட்டிக்கொண்டு கிட்டார் கம்பியில் இழுத்து வாசிப்பவன். அதைப் பற்றி டெம்ப்ஸியைக் கேட்டால், “அந்தப் பாட்டிலைக் காலி பண்ணினது யாருங்கிறே?” என்பார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் எசேக்கியாவின் சலூனில் லான்சோவின் புதுத் தட்டு ஓடியது. டெம்ப்ஸி நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஒரு கன்னம் மழித்து முடிந்திருந்தது, மீதி முகமெல்லாம் நுரை.

“இந்தத் தட்டும் உங்க கைவரிசையா அண்ணே?” என்றார் எசேக்கியா.

“ரெண்டு பக்கமும்டா தம்பி. ஒவ்வொரு சொல்லும் நம்மளோடது. வாழ்ந்து பார்த்துச் சொன்னது!”

இரண்டாம் பக்கத்தை அவர் கேட்டதே இல்லை. கேட்ட பிறகுதான் சொந்தம் கொண்டாட வேண்டுமென்று இந்த இனத்தில் என்ன சட்டமா இருக்கிறது?

யாரோ தட்டைத் திருப்பிப் போட்டார்கள். ப்ளூஸில் முதல் அடியை இரண்டு தரம் பாடுவார்கள், மூன்றாவது அடியில்தான் விஷயம் வெளியே வரும்.

*சலூன்காரன் மீன்பிடிக்கப் போனான், நீலத்திரை விலகிச்சு...*

கடைக்குப் பின்னால்தான் எசேக்கியாவின் வீடு. நடுவே தொங்குவது நீலத்திரை. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். டெம்ப்ஸியும் பார்த்தார். லான்சோ அதே அடியை மறுபடி பாடினான். சவரக்கத்தி டெம்ப்ஸியின் தொண்டையில் நின்றது.

*கத்திதீட்டுற தோல்வார் ஆணியிலே என் தொப்பி தொங்கிச்சு!*

“வாழ்ந்து பார்த்துச் சொன்னீங்களோ?” என்றார் எசேக்கியா, மிக மெதுவாக.

“ஐயோ தம்பி, லான்சோ யாருன்னே எனக்குத் தெரியாதுப்பா! பொய்! நான் சொன்னது அத்தனையும் பொய்!”

“அப்போ அந்தப் பாட்டிலு?”

“குடிச்சது நெசம். அது வேற பாட்டிலு.”

திரைக்குப் பின்னாலிருந்து எசேக்கியாவின் மனைவி லவினியாவின் சிரிப்பு கேட்டது. “இவரா? வாசப்படி ஏறவே இவருக்கு ரெண்டு பேர் கைகொடுக்கணும்! போன வருஷம் அந்த லான்சோ முடிவெட்ட வந்தான், திரையப் பார்த்தான், ஆணியப் பார்த்தான், தொப்பிய மாட்டினான், அதையே பாட்டாக் கட்டிட்டான். அவன்கிட்ட காசு வாங்கிப் பெட்டியிலே போட்டதே நீங்கதானேய்யா!”

எசேக்கியாவுக்கு மூச்சு வந்தது. டெம்ப்ஸிக்கும் வந்தது. கத்தி மறு கன்னத்தில் சாதுவாக இறங்கியது. பிழைத்தார் மனுஷன். இனி வாயைத் திறப்பாரா?

எசேக்கியா சும்மா இருந்திருக்கலாம். “ஆனாலும் அந்த மூணாவது அடி, எவன் யோசிச்சானோ, நல்லாத்தான் இருக்கு” என்று முணுமுணுத்துவிட்டார்.

நுரைக்குள் டெம்ப்ஸியின் உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தார். முடியவில்லை.

“சொல்லக்கூடாதுதான் தம்பி... முதல்ல ‘கோட்டு’ன்னுதான் இருந்துச்சு. தொப்பின்னு மாத்தச் சொன்னது நான்.”

கத்தி மறுபடி தொண்டைப் பக்கம் திரும்பியது. பாதித் தாடியோடு, கழுத்தில் துண்டு பறக்க, டெம்ப்ஸி பஞ்சு ஆலையைத் தாண்டி ஓடியதை ஊரே பார்த்தது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இந்தக் கதையை நாலு பேரிடம் சொல்லும்போது, ‘இதை எழுதச் சொன்னதே நான்தான்’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ள உங்களுக்கும் தோன்றும். தோன்றினால், முதலில் எதிரில் இருப்பவர் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.