ஓய்வுநாள் பயில்வான்

உடற்பயிற்சிக் கூடத்தில் எத்தனையோ வகை மனிதர்களைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி முன் கையை மடக்கி மடக்கித் தன்னையே காதலிப்பவரை விட்டுவிடுங்கள். அவரால் யாருக்கும் கேடில்லை. இங்கே நாம் பார்க்கப்போவது ஓய்வுநாள் பயில்வானை. இவருடைய வீரத்தைப் பார்க்கக் கூடத்துக்குப் போய்ப் பயனில்லை. வீட்டுக்குப் போக வேண்டும்.

நம் பயில்வான் காப்பீட்டு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். மருத்துவர் இவரையும் மனைவியையும் சேர்த்து உட்காரவைத்து, இவருக்குச் சர்க்கரை ஏறுகிறது, அவருக்கு இடுப்பு பலவீனமாகிறது, இரண்டு பேரும் உடற்பயிற்சி செய்தே ஆக வேண்டும் என்றார். இவர் மறுநாளே சேர்ந்துவிட்டார். மனைவி? முதலில் நான் போய்ப் பார்க்கிறேன், நீ அப்புறம் வா என்று பெரிய மனது பண்ணிச் சொல்லிவிட்டார். குடும்பத்துக்கு ஓர் உடம்பு தேறினால் போதாதா?

புதிதாக வருபவர்களுக்கான எளிய முறையைப் பயிற்சியாளர் சொன்னார். ஒருநாள் விட்டு ஒருநாள் கொஞ்சம் வேக நடை, பிறகு இலேசான பளு. இடைப்பட்ட நாளில் ஓய்வு, ஏனென்றால் ஓய்வில்தான் தசை வளர்கிறது. ராசிபலன் படிக்காமல் முகச்சவரம்கூடச் செய்யாத நம்மவர், வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் அறிவியல் உண்மையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அதிலும் கடைசிப் பாதியை மட்டும்.

அன்றிலிருந்து ஓய்வு நாளில் சாப்பிட்ட தட்டை எடுக்க மாட்டார், துணியைக் கொடியில் போட மாட்டார், கதவு மணி அடித்தால் காது கேட்காது. சரி, பயிற்சி நாளில்? அன்று தெம்பைச் சேமிக்க வேண்டும். சேமித்த தெம்போடு மாலையில் போய், ட்ரெட்மில்லின் கைப்பிடியைப் பேருந்துக் கம்பி போலப் பிடித்துக்கொண்டு கைபேசியில் செய்தி பார்த்து, இருப்பதிலேயே குட்டி டம்பெல்லை நாலு ஆட்டு ஆட்டி, பக்கத்தில் வியர்த்து ஊற்றுபவருக்கு மூச்சுவிடக் கற்றுக்கொடுத்துவிட்டு, மூன்றாவது மாடி வீட்டுக்கு லிஃப்டில் திரும்புவார். களைத்துப்போய்.

ஒருநாள் லிஃப்ட் படுத்துவிட்டது. தண்ணீர் கேன் போடுபவர் கேனைக் கீழேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"என்னங்க, அந்தக் கேனைக் கொஞ்சம் மேல கொண்டாந்துடுங்களேன். எனக்கு இடுப்பு பிடிச்சிருக்கு."

"இன்னைக்கு ஓய்வு நாள்மா. இப்பத் தூக்கினா இத்தனை நாள் வளர்த்ததெல்லாம் வீணாயிடும்."

ஆனாலும் கல்நெஞ்சக்காரர் இல்லை. மனைவியுடன் கூடவே இறங்கினார். கேனைத் தூக்கியது மனைவி. தூக்கும் முறையைச் சொன்னது இவர். "முதுகை வளைக்காத. முழங்காலை மடக்கு. மூச்சை விட்டுத் தூக்கு." மூன்று மாடியும் பின்னாலேயே கைவீசி ஏறி, வாசலில் நின்று, "உனக்கு நல்லா வருது" என்று பாராட்டவும் செய்தார். வீட்டுக்குள் தூக்குகிற பளு எந்தக் கூடத்திலும் கணக்கில் வருவதில்லை. அதைத் தூக்குபவருக்கு மட்டும் தசை கிடையாதா?

மனைவி கேனை இறக்கிவைத்து, இடுப்பைப் பிடித்தபடி அவரை ஒரு பார்வை பார்த்தார். ஒருநாள் விட்டு அடுத்த நாள் காலையில் அதே கூடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். பயிற்சியாளர் அவர் இடுப்புக்கு ஏற்ற பயிற்சிகளைக் கொடுத்து, அதே விதியையும் சொல்லி அனுப்பினார்.

அதற்கடுத்த நாள் மாலை பயில்வான் பயிற்சி முடித்து, லிஃப்ட் இன்னும் சரியாகாததால் படியேறி, அகோரப் பசியோடு உள்ளே நுழைந்தார். அடுப்பு சில்லிட்டுக் கிடந்தது. குடிக்கலாமென்றால் கேன் காலி. புதுக் கேன் கீழே. மனைவி சோபாவில் கால்நீட்டிப் படுத்திருந்தார்.

"என்ன ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கேன். இன்னைக்கு எனக்கு ஓய்வு நாள்."

"அப்ப சாப்பாடு?"

"சத்தம் போடாதீங்க. தசை வளருது."

அறிவியல் ஆண்களுக்கு மட்டும்தான் என்று வாதாட வாயெடுத்தவருக்குத் தாகம் முந்திக்கொண்டது. இறங்கினார். கேன் முன்னால் குனிந்தபோது மாடிக் கைப்பிடியிலிருந்து குரல் வந்தது.

"முதுகை வளைக்காதீங்க. மூச்சை விட்டுத் தூக்குங்க."

சிரித்துவிட்டீர்களா? நல்லது. இதைப் படிக்கும்போது உங்கள் கையில் இருக்கிற தேநீரை யார் கொண்டுவந்து கொடுத்தது? அந்தக் கோப்பையை எழுந்துபோய் நீங்களே கழுவிவிடுவீர்கள்தானே? இல்லை, இன்று உங்களுக்கும் ஓய்வு நாளா?