நானூற்றுப் பன்னிரண்டாம் கார்டு

"யாருங்க இந்த ராஜாத்தி?"

தபீதாள் ஒரு கார்டை, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு நின்றாள். அதில் தேவானந்தத்தின் முத்து முத்தான கையெழுத்தில் ஒரே ஒரு வரி: 'உன்ன நெனச்சா சோறு எறங்கலியே, ராஜாத்தி.'

மேசைக்கடியில் எதையோ தேடிக்கொண்டிருந்த தேவானந்தம் தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"ஆராய்ச்சிம்மா."

"அதைத்தான் கேக்குறேன். யாரு அந்த ஆராய்ச்சி?"

தேவானந்தம் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் மொழியியல் விரிவுரையாளர். 'பேச்சுத் தமிழில் சூழலின் பங்கு' என்ற தலைப்பில் டாக்டர் பட்டத்துக்கு மூன்று வருஷமாகப் பாடுபடுகிறார். ரயிலிலும் கடைத்தெருவிலும் காதில் விழுகிற பேச்சைக் கார்டுக்கு ஒன்றாக எழுதுவார். யார் சொன்னது, யாரிடம், எங்கே, எதற்காக என்பதெல்லாம் ஒரு நீல நோட்டில் நம்பர்வாரியாக இருக்கும். பேசுகிறவர்கள் கூச்சப்படக் கூடாதென்று அவர்கள் முகத்தை அவர் பார்ப்பதே இல்லை. தரையைப் பார்த்தே எழுதுவார். காலையில் சாப்பிட்டோமா என்பதையே மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற மனுஷர். நோட்டில் இல்லாதது அவர் தலையிலும் இல்லை.

அந்த நோட்டைத்தான் இப்போது காணோம்.

போன வாரம் கார்டுகளையும் நோட்டையும் ஒன்றாகக் கட்டி, வழிகாட்டியான பேராசிரியர் வேதசிரோமணியிடம் கொடுத்ததாக ஞாபகம். கார்டுகள் மட்டும் திரும்பி வந்தன.

"நோட்டா? நீர் தரவே இல்லையேய்யா!" என்றார் வேதசிரோமணி. "சூழல் இல்லாத வாக்கியம், தண்ணியை விட்ட மீன். திங்கட்கிழமைக்குள்ள நோட்டு வரலேன்னா ஆய்வேட்டுல நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

பேராசிரியரே சொன்னபிறகு தேவானந்தம் தன் ஞாபகத்தை நம்புவாரா? நான்கு நாளாக வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார். கூட உதவிக்கு வந்த தபீதாளின் கையில் நானூற்றுப் பன்னிரண்டாம் கார்டு சிக்கியது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

"இது லெந்து நாள்!" என்றாள் தபீதாள். "ஈஸ்டர் வரைக்கும் கறி, மீன் தொடமாட்டோம்னு நம்ம சபை மூப்பர், உங்க வேதசிரோமணி சார் முன்னாடி சபையே கையெழுத்துப் போட்டிருக்கு. ராஜாத்தியையும் தொடக் கூடாதுன்னு அதுல தனியா எழுதணுமா?"

"தபீதா, இது யாரோ யார்கிட்டயோ சொன்னது."

"சோறு எறங்கலைன்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க!"

"அது பூசணிக்காயால."

"இப்ப பூசணிக்காய் மேல பழியா? நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள இதை யார், யார்கிட்ட சொன்னாங்கன்னு நிரூபிங்க. இல்லேன்னா நான் பாளையங்கோட்டைக்கு அம்மா வீட்டுக்குப் போறேன்."

பட்டம் போனால் போகட்டும், தபீதாள் போய்விட்டால்? கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கல்லூரிக்கு ஓடினார்.

ஆசிரியர்கள் அறையில் கார்டு கைமாறியது.

"இது எங்க டிபார்ட்மெண்ட்" என்றார் பொருளாதாரம் கோபு. "அரிசிக்குத் தட்டுப்பாடு. விலை ஏறிப்போச்சு. ஏழை எவனோ அரிசியைப் பாத்து ராஜாத்தின்னு புலம்பியிருக்கான்."

"சும்மா இரும் ஓய்" என்றார் வரலாறு கிட்டு. "கல்வெட்டை எந்தக் கோவில், எந்தச் சுவர்னு குறிக்காம பேத்து எடுத்துண்டு வந்தா அது துணி துவைக்கத்தான் லாயக்கு. இந்தக் கார்டும் இப்ப துவைக்கிற கல்தான்."

அன்று மாலை தேவானந்தம் கோபுவின் விளக்கத்தை மனைவியிடம் ஒப்பித்தார்.

"அரிசியை நெனச்சா சோறு எறங்கலையா?" என்றாள் தபீதாள். "பொய் சொன்னாலும் பொருத்தமா சொல்லக் கூடாதா? எதுக்கும் வேதசிரோமணி சாரை நாளைக்கு வரச் சொல்லிட்டேன். பெரியவர் வந்து விசாரிக்கட்டும்." பரண்மேலிருந்து டிரங்குப் பெட்டி இறங்கியது.

மறுநாள் காலை விலங்கியல் தோத்தாத்ரியிடம் போய் அழாத குறையாக நின்றார்.

"பூச்சியை எந்தச் செடியில பிடிச்சோம்னு மறந்துட்டா நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமோ? அதே மாதிரி இன்னொண்ணைப் பிடிச்சு, செடி செடியா விட்டுப் பார்ப்போம்" என்றார் தோத்தாத்ரி. "தன் செடி வந்தா ஜம்முனு உக்காந்துக்கும். நீரும் இதைக் கடைத்தெருவுல இடம் இடமா படிச்சுப் பாரும். சொன்னவா காதுல விழுந்தா திரும்பிப் பார்ப்பா."

தேவானந்தத்துக்கு உற்சாகம் பொங்கியது. ரயில் நிலையத்தின் வெளியே இருந்த மார்க்கெட்டுக்குப் போனார். வெற்றிலைக் கடையில் படித்தார். கடைக்காரர் வெற்றிலை கொடுத்தார். பூக்காரியிடம் படித்தார், அவள் சிரித்துவிட்டு இரண்டு முழம் மல்லிகையைச் சுற்றிக் கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டாள். அடுத்தது மீன் கூடைகள். வழக்கப்படி தரையைப் பார்த்துக்கொண்டு, கையில் மல்லிகையோடு, உரக்கப் படித்தார்:

"உன்ன நெனச்சா சோறு எறங்கலியே, ராஜாத்தி!"

கோவளத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் முத்தாலம்மாள் அரிவாள்மனையிலிருந்து எழுந்தாள். "இன்னா சொன்ன?"

ஆகா, திரும்பிப் பார்க்கிறாள்! தேவானந்தம் இன்னும் தெளிவாக இன்னொரு தரம் படித்தார்.

"யோவ்! பாத்தா வாத்தியாராட்டம் கீற. பூவு வேற வாங்கிக்கினு வந்துகீற! பொம்பளையாண்ட பேசுற பேச்சா இது?"

"நான் சொல்லலைம்மா. இதை யார் சொன்னதுன்னு தெரியணும். இதே மாதிரி வீட்டுல இன்னும் அறுநூறு வச்சிருக்கேன்."

"அறுநூறா!" முத்தாலம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "இன்னாங்கடா இது பேஜாரு! உன் வூடு எங்க கீது சொல்லு. வியாபாரம் முடிஞ்சதும் நேரா உன் பொஞ்சாதியாண்ட வந்து கேக்குறேன்."

பொய் பேசத் தெரியாத தேவானந்தம் இரும்புலியூரில் தெருப் பெயர், கதவு இலக்கம், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்பது உள்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தார்.

மாலை ஐந்து மணிக்குக் கூடத்தில் டிரங்குப் பெட்டி பூட்டித் தயாராக இருந்தது. அதன் மேல் வாடிய மல்லிகை, இரண்டாவது சாட்சியாகக் கிடந்தது. நாற்காலியில் வேதசிரோமணி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"காபி அரை டம்ளர் போதும்மா, விரத நாள்" என்றவர், தேவானந்தத்தின் பக்கம் திரும்பினார். "நாவை அடக்காதவன் எதைய்யா அடக்குவான்? நோட்டையும் தொலைச்சீர், ஒழுக்கத்தையும் தொலைச்சீர். இந்தக் கார்டுக்கு என்ன சூழல், சொல்லும்!"

"தெரியலை சார்" என்றார் தேவானந்தம். கண் கலங்கிவிட்டது. "தபீதா, சத்தியமா எனக்கு உன்னைத் தவிர வேற ராஜாத்தி கிடையாது."

தபீதாள் ஒரு கணம் தயங்கினாள். பெட்டியின் கைப்பிடியிலிருந்து கைகூட மெல்ல விலகியது. அந்த நேரம் பார்த்து வாசல் கேட் தடாலென்று திறந்தது.

"வாத்தியாரம்மா!" தலையில் கூடையோடு முத்தாலம்மாள் உள்ளே நுழைந்தாள். "உன் வூட்டுக்காரரு என்னாண்ட வந்து, பூவக் கையில வெச்சிக்கினு, உன்ன நெனச்சா சோறு எறங்கலியே ராஜாத்தின்றாரு. ஒரு தபா இல்லம்மா, ரெண்டு தபா!"

தபீதாளின் கை மறுபடி பெட்டிக்குப் போயிற்று. வேதசிரோமணி அவசரமாகச் செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேரே விரித்தார். அது தலைகீழாக இருந்தது.

முத்தாலம்மாள் குனிந்து செய்தித்தாளின் அடிவழியாக எட்டிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நீயும் இங்கதான் கீறியா சார்? நல்லதாப் போச்சு, நீயே நாயம் சொல்லு! நீயும்தான் வாராவாரம் வந்து 'உன்ன நெனச்சா சோறு எறங்கலியே ராஜாத்தி'ன்னு உருகுற, போன தபா பை இல்லன்னு நீல நோட்டக் கிழிச்சிகூட சுத்திக்கினு போன. ஆனா நீ என் வஞ்சரத்தப் பாத்துதானே சார் சொன்ன, இந்த ஆளு என்னப் பாத்து சொல்றாரே!"