கண் டாக்டருக்குக் கண் வைத்த கதை

இனிமேல் யார் கண்ணையும் திறப்பதில்லை என்று பொம்மைக்காரர் முடிவு செய்தார்.

அன்று முதல் அவர் கையில் பிறந்த பொம்மைகள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டே பிறந்தன. பிறந்தநாள் பையன் கண்ணை மூடிச் சிரித்தான். கல்யாண ஜோடி கண்ணை மூடி வெட்கப்பட்டது. கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர் கண்ணை மூடினால் வம்பு என்று அவருக்கு மட்டும் கறுப்புக் கண்ணாடி மாட்டினார். தீயணைப்பு வீரருக்குத் தலைக்கவசத்தை மூக்கு வரை இறக்கிவிட்டார்.

தெருவே அவரைப் பொம்மைக்காரர் என்று கூப்பிட்டாலும் அவர் செய்வது கடைப் பொம்மை அல்ல. போட்டோவைக் கொடுத்தால் அந்த ஆளையே விரல் நீளத்துக்கு மண்ணில் பிடித்து, சுட்டு, வண்ணம் தீட்டித் தருவார். சட்டைப் பொத்தான், கைக்கடிகாரம், கன்னத்து மச்சம் எதையும் விடமாட்டார். கண் எழுத மட்டும் மூன்றே மயிர் உள்ள தூரிகை ஒன்று தனியாக வைத்திருந்தார். அதை வேறு யாராவது தொட்டால் அவருக்குக் கோபம் வரும். இப்போது அவரே தொட்டால் பயம் வந்தது.

காரணம், கை. கொஞ்ச காலமாக நடுங்குகிறது. வியாதி ஒன்றும் இல்லை, வயசுதான் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். சட்டைக்கும் செருப்புக்கும் வண்ணம் பூசும்போது கை சொன்ன பேச்சைக் கேட்டது. கண் என்று வந்தால் மட்டும் காற்றில் மாட்டிய காகிதம் மாதிரி படபடத்தது. எள்ளளவு வெள்ளை, அதற்குள் அதைவிடச் சின்னதாய் ஒரு கருவிழி. கை கொஞ்சம் ஆடினால் போதும், ஒரு விழி மூக்கை விசாரிக்கும், இன்னொன்று காதை விசாரிக்கும்.

இது மனைவிக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால், "போதும், ஓய்வெடுங்க" என்று சொல்லிவிடுவாள். ஓய்வு என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு மச்சான் ஞாபகம் வந்துவிடும். மனைவியின் அண்ணன் நல்ல மனிதர்தான். வேலையை விட்டுவிட்டு ஓய்வெடுத்தார். முதல் வாரம் தூங்கினார். அடுத்த வாரம் சமையலறை டப்பாக்களை உயரப்படி அடுக்கினார். பிறகு எழுத்து வரிசைப்படி அடுக்கினார். இப்போது பக்கத்து வீட்டுக் குழாய் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தக் கதி தனக்கு வேண்டாம் என்றுதான் பொம்மைக்காரர் ஊர் உலகத்தின் கண்களை எல்லாம் மூடிவந்தார்.

டீயைக்கூட மனைவி கையிலிருந்து அவர் வாங்குவதில்லை.

"மேசை மேல வெச்சுட்டுப் போம்மா."

அவள் வைத்துவிட்டுப் போவாள். போய்விட்டாளா என்று வாசல் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, அணில் பழம் தின்பதுபோல் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடிப்பார்.

ஒருநாள் அவள் காயவைத்திருந்த பொம்மைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, எல்லாரும் தூங்கறாங்களே?"

"தூக்கம் இல்ல. தியானம்."

"தீயணைக்கிறவருமா?"

"அவருக்குத் தொப்பி கொஞ்சம் பெரிசு."

"அப்ப நெருப்பு எந்தப் பக்கம்னு யாராவது கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாங்களா?"

"உனக்குக் கலை தெரியாது. போய்த் துணியைத் தை."

அவள் சிரிக்கவில்லை. போய்த் துணியைத் தைத்தாள். தெருக்காரர்களின் கிழிசலும் நீளமும் அகலமும் அவள் மிஷினில்தான் சரியாகும். ஊசியில் நூல் கோக்கும்போது அவள் இரண்டாம் தடவை முயன்று யாரும் பார்த்ததில்லை.

இப்படியே காலத்தை ஓட்டியிருக்கலாம். கண் ஆஸ்பத்திரி நர்ஸம்மா வந்து சேர்ந்தாள்.

"எங்க பெரிய டாக்டருக்குப் பிறந்தநாள் சார். நாங்க எல்லாம் சேர்ந்து பொம்மை கொடுக்கப்போறோம். இந்தாங்க போட்டோ."

"பேஷா செஞ்சுடலாம். கண்ணை மூடி, சாந்தமா..."

"கண் டாக்டர் சார்! அவரே கண்ணை மூடிட்டா அப்புறம் ஆஸ்பத்திரிய மூட வேண்டியதுதான்."

"ஒரு கறுப்புக் கண்ணாடி?"

"அதெல்லாம் ஆபரேஷன் ஆனவங்க போடறது."

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நிக்கற மாதிரி?"

"முதுகுக்கு யாரு சார் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லுவாங்க?"

தையல் மிஷின் நின்றது. உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

"திறந்த கண்ணுதானேம்மா? அவருக்கு அது தண்ணி பட்ட பாடு. சனிக்கிழமை வந்து வாங்கிக்க."

மிஷின் மறுபடி ஓடியது. பொம்மைக்காரருக்கு ஓடவில்லை.

எதிர்வீட்டு மெக்கானிக்கிடம் ரகசியமாக யோசனை கேட்டார். மெக்கானிக் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து வைத்திருப்பவர்.

"ஆடற பொருளை என்ன பண்ணுவோம் அண்ணே? இறுக்குவோம்."

"கையை எப்படிப்பா இறுக்கறது?"

"மேசையோட சேர்த்துக் கட்டுங்க. இஞ்சினே அடங்குது, கை அடங்காதா?"

அடுத்த நாள் மனைவி கடைக்குப் போன சமயம் பார்த்து, வலது மணிக்கட்டைத் துண்டால் மேசைக்காலோடு சேர்த்துக் கட்டினார். முடிச்சை இடது கையாலும் பல்லாலும் போட்டார். பிரமாதமான முடிச்சு. கை அசையவில்லை. தூரிகையை எடுக்கவும் அசையவில்லை. அவிழ்க்கலாம் என்றால் பல்லால் போட்ட முடிச்சு மேசைக்காலுக்குப் பின்னால் நகர்ந்து பல்லுக்கு எட்டவில்லை. மனைவி பையோடு திரும்பி வந்தபோது அவர் மேசையைத் தோளில் சாய்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"யாருங்க கட்டிப் போட்டது? திருடனா?"

"யோகா."

"மேசைக்கும் சேர்த்தா?"

அவள் ஒரு விரலால் முடிச்சை அவிழ்த்தாள். அந்த விரலைப் பொம்மைக்காரர் பார்த்தார். சுவரில் அடித்த ஆணிபோல் ஆடாமல் அசையாமல் இருந்தது. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை பிறந்தது. வீட்டிலேயே இப்படி ஒரு கை இருக்கும்போது ஊரெல்லாம் எதற்கு அலைய வேண்டும்? கண்ணை இவளை எழுத வைத்துவிடலாம். ஆனால் உதவி கேட்பதுபோல் கேட்கக் கூடாது. வரம் கொடுப்பதுபோல் கொடுக்க வேண்டும்.

தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஏம்மா, நீ எத்தனை நாளைக்குத்தான் ஊரான் வீட்டுப் பேண்டுக்கு ஒட்டுப் போட்டுக்கிட்டிருப்ப? ஒரு கலையக் கத்துக்க. இந்த டாக்டருக்குக் கண்ணை நீயே எழுது."

"நானா? அந்தப் பிரஷைத் தொட்டாலே கத்துவீங்களே."

"இன்னிக்கு மனசு வந்துருக்கு. விட்டா போயிடும்."

"என் கைக்கு அதெல்லாம் வருமாங்க?"

"நான் இருக்கேன் இல்ல?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்று மயிர்த் தூரிகையை விட்டுவிட்டுச் செருப்புக்குப் பூசும் தூரிகையை எடுத்தாள். அவர் ஐயோ என்பதற்குள் டாக்டரின் கண் இருந்த இடத்தில் இரண்டு வெள்ளைக் கட்டிகளை அப்பினாள். அது காய்ந்ததும் ஒவ்வொன்றின் மேலும் புருவத்திலிருந்து கன்னம் வரை கறுப்பாய் ஒரு கோடு இழுத்தாள். முகத்தில் தண்டவாளம் போட்டதுபோல் ஆயிற்று.

"என்னடி இது! டாக்டரா, வரிக்குதிரையா?"

"கொஞ்சம் பெரிசாயிடுச்சோ?"

"கொஞ்சமா? கண்ணு தாடை வரைக்கும் வந்துடுச்சு!"

"துணியிலயும் அப்படித்தாங்க. பெரிசா வெட்டினா நறுக்கிக்கலாம். சின்னதா வெட்டிட்டா ஒட்டவா முடியும்?"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். எழுந்திரு, எழுந்திரு!"

தூரிகையைப் பிடுங்கினார். முகத்து நிறத்தைத் தொட்டார். புருவத்துப் பக்கமிருந்து கோட்டை மூடிக்கொண்டே கீழே வந்தார். கன்னத்துப் பக்கமிருந்து மூடிக்கொண்டே மேலே போனார். கையோடு வாயும் ஓடியது. "கண்ணுன்னா என்ன, கதவா? இவ்வளவு பெரிசா யாருக்காவது இருக்குமா? பிரஷ் பிடிக்கற லட்சணத்தைப் பாரு!" மனைவி பக்கத்தில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "தப்புதாங்க, தப்புதாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

திட்டு தீர்ந்துபோனபோது டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

மேல் இமைக்கும் கீழ் இமைக்கும் நடுவில் வெள்ளை அளவாய் நின்றது. கறுப்புக் கோடு நறுக்கி நறுக்கிக் கருவிழி ஆகியிருந்தது. இரண்டும் ஒரே இடத்தைப் பார்த்தன. பொம்மைக்காரர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். அது நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

பின் எப்படி? யோசித்தார். கோபம்! கோபம் வந்தால் கை நிற்கிறது. இவள் கெடுத்தால் கோபம் வருகிறது. ஆக, இவள் கெடுக்க வேண்டும். இவ்வளவு பெரிய உண்மையைத் தானே கண்டுபிடித்துவிட்டதை நினைத்து மீசையைத் தடவிக்கொண்டார். தலை முழுக்க நரைத்தாலும் அந்த மீசை மட்டும் கறுப்பாகவே நின்றது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்.

சனிக்கிழமை நர்ஸம்மா வந்தாள். பொம்மையைக் கையில் எடுத்ததும் அவள் முதுகு தானாக நிமிர்ந்தது.

"சார், இது அவரேதான்! 'கடைசி வரிய நிஜமாவே படிச்சியா, மனப்பாடமா?'ன்னு கேக்கும்போது இப்படித்தான் பார்ப்பாரு. எங்க எல்லாருக்கும் ஒண்ணொண்ணு செஞ்சுடுங்க சார். கண்ணைத் திறந்தே!"

அதற்குப் பிறகு அந்த வீட்டில் காலை வேளை களைகட்டியது.

"ஏம்மா, வா. வந்து கெடு."

"யாரை?"

"இன்னிக்கு மருந்துக் கடைக்காரர்."

அவள் வந்து மனசாரக் கெடுப்பாள். அவர் மனசாரத் திட்டுவார். திட்டத் திட்டப் பொம்மைகள் ஒவ்வொன்றாய்க் கண் விழித்தன. தீயணைப்பு வீரரைக்கூடத் திருப்பி வாங்கித் தொப்பியை ஏற்றிவிட்டார். மெக்கானிக்கிடம் ஒருநாள் மனம் விட்டுச் சொன்னார்.

"பாவம்ப்பா அவ. ஊசி நூல்ல புலி. பிரஷ் பிடிச்சா பூனை. எத்தனை தரம் சொல்லிக் கொடுத்தாலும் அதே கோடு, அதே கட்டி. சிலருக்கு வராது. விட்டுடணும்."

ஒருநாள் காலை ஈர வண்ணத்தில் தூசி ஒன்று ஒட்டிக்கொண்டது. எடுக்க ஊசி வேண்டும். மனைவி அடுக்களையில் இருந்தாள். தையல் பெட்டியைத் திறந்தார். நூல்கண்டுகளுக்குப் பக்கத்தில், துணித்துண்டுகளால் மெத்தை போட்டு, ஓர் ஆளை நிற்கவைத்திருந்தது.

கால் விண்டது என்று அவர் சுடாமலே எறிந்த பச்சை மண் பொம்மைதான். அந்தக் கால் ஒட்டப்பட்டு, கைகளும் புதிதாகப் பிடிக்கப்பட்டிருந்தன. முதுகு கொஞ்சம் கூன். மூக்கு நுனியில் மூக்குக்கண்ணாடி. அதற்குக் கீழே பளபளவென்று கறுப்பு மீசை. சட்டையில் மேல் பொத்தான் அடுத்த ஓட்டைக்குள் மாறிப் போயிருந்தது. பொம்மைக்காரர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். மாறித்தான் போயிருந்தது.

பொம்மை இரண்டு கையாலும் ஒரு டீ டம்ளரைப் பிடித்திருந்தது, அணில் மாதிரி. மார்பில் கடுகைவிடச் சின்னதாய் ஒரு டீக் கறை.

பொம்மையைக் கையில் எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கண்கள் அப்பழுக்கில்லாமல் இருந்தன. ஒவ்வொரு கருவிழியிலும் ஒளிப் புள்ளி ஒன்று. அவருடைய நல்ல காலத்தில்கூட அவர் அந்தப் புள்ளியை வைத்ததில்லை. இரண்டு விழியும் ஒரே பக்கம் பார்த்தன. ஓரக்கண்ணால், வாசல் பக்கம், போய்விட்டாளா என்று.

பெரிசா வெட்டினா நறுக்கிக்கலாம் என்று அவள் சொன்னது இப்போதுதான் அவர் காதில் விழுந்தது. கண்ணுக்குள் கை ஆடினால் மாறுகண். கண்ணுக்கு வெளியே ஆடினால் அது வெறும் கன்னம். கன்னத்துக்கு என்ன கேடு? இன்னொன்றும் நினைவு வந்தது. எத்தனை முகத்தை அவள் கெடுத்திருப்பாள்! ஒரு கோடாவது கண்ணின் நட்டநடுவை விட்டு விலகியிருந்ததா? குறி தவறாமல் கெடுக்கிற கைக்குப் பூனை என்றா பெயர்?

அடுக்களையில் டம்ளர் சத்தம் கேட்டது. அவசரமாகப் பொம்மையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தார். அவள் டீயோடு வந்தாள்.

"இன்னிக்கு யாரைக் கெடுக்கணும்?"

அவர் தூரிகையை ஒதுக்கி வைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"ஏம்மா, நான் பேசாம ஓய்வெடுத்துக்கட்டுமா?"

அவள் கையிலிருந்த டம்ளர் கிடுகிடுவென்று ஆடியது. டீ அவள் புடவையில் சிந்தியது. அந்தக் கை ஆடி அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஐயோ, அப்படியெல்லாம் பேசாதீங்க! எங்க அண்ணி படற பாடு போதாதா? என் டப்பா எல்லாம் இருக்கற இடத்துலயே இருக்கட்டும். கண்ணு தெரியற வரைக்கும் நீங்க கண்ணு எழுதுங்க, நான் கெடுத்துத் தரேன்."

பொம்மைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. மேசை மேல் வை என்று சொல்லாமல் இரண்டு கையையும் நீட்டினார். டீயை வாங்கிக்கொண்டு, வாசல் பக்கம் பார்க்காமல், அவள் முன்னாலேயே குடித்தார்.

அவள் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விரல்ல என்னங்க கறுப்பு?"

"இதுவா? மருந்துக் கடைக்காரர் தலைமுடி."

"அவரு வழுக்கைங்க."

பொம்மைக்காரர் டம்ளருக்குள் பார்த்தார்.

அவள் தையல் பெட்டியைத் திறந்து அந்தக் குட்டி மனிதரை வெளியே எடுத்தாள். ஈர மீசை ஒரு பக்கம் காது வரை இழுபட்டிருந்தது. அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"பிரஷைக் கொடுங்க. இன்னிக்குக் கெடுத்தது நீங்க, சரி பண்றது நான்."