ஊமைப்படமும் கணக்கில் சேராத வாயும்

உலகத்திலேயே ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறதாம். அதுவும் எங்கள் கூடத்தில். அந்த ஊமைப்படச் சுருளை வாங்கி வந்த நாள் முதல், பச்சைப் பிள்ளையைப் போலத்தான் என் வீட்டுக்காரர் அதைத் தூக்குவார். மூன்று பிள்ளைகளும் வளர்ந்து வேலைக்குப் போன வீட்டில் மறுபடியும் ஒரு பச்சைப் பிள்ளை!

அதற்குக் கூடம் முழுவதும் வேண்டுமாம். சன்னலோரம் உட்கார்ந்து பிள்ளைகளுக்காக நான் கும்பிடும் மூலையை, துணி துவைக்கும் இடத்துக்கு மாற்றச் சொன்னார்.

"சோப்பு நுரைக்கு நடுவுல ஆண்டவனைக் கூப்பிடவா?"

"எங்க கூப்பிட்டாலும் அவருக்குக் கேட்கும்டி. கலைக்குத்தான் இடம் வேணும்."

"பேச்சை எழுத்துல காட்டுற இடமெல்லாம் அறுந்துபோச்சுன்னு நீங்களே சொன்னீங்க. யாருக்குங்க புரியும்?"

"அதான் அருமை! முகத்தைப் பார்த்தே புரிஞ்சுக்கணும். நாளைக்குப் பாரு, வர்றவங்க மூச்சு விடமாட்டாங்க. கூடத்துல யாராவது சத்தம் போட்டா மூலை உனக்கே."

"யாராவதுன்னா?"

"உன்னைத் தவிர. உன் வாயைக் கணக்குல சேர்த்தா, படம் தொடங்குறதுக்குள்ள நான் தோத்துடுவேன்."

ஆண்டவன் வழி காட்டுவான் என்பார்கள். எனக்கு இவர் வாயாலேயே காட்டினான்.

மறுநாள் மாலை பல் டாக்டர், தையல்காரர், பக்கத்து வீட்டு அக்கா எல்லோரும் வந்தார்கள். இவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மெஷினை ஓட்டினார். சுவரில் ஒரு மனிதர் அலமாரியைக் கலைக்கிறார், மெத்தையைப் புரட்டுகிறார், கையை ஆட்டி ஆட்டி வாயசைக்கிறார். பெண்டாட்டிக்காரி நிமிரவே இல்லை. கண் மட்டும் சிரிக்கிறது. பொய் சொல்லக் கூடாது, அந்த முகம் எனக்கும் பிடித்துப்போயிற்று. கூடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். இவர் என்னைப் பார்த்து மீசையைத் தடவினார்.

மனசுக்குள் கும்பிட்டுவிட்டு, அச்சு அசல் இவர் குரலில் தொடங்கினேன்.

"என் கண்ணாடியை எங்கடி வெச்சே? வெச்ச பொருள் வெச்ச இடத்துல இருக்கா இந்த வீட்டுல?"

டாக்டர் உதட்டைக் கடித்தார். தையல்காரர் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார். அக்காவுக்குத் தோள் குலுங்கியது. சத்தம் மட்டும் வரவில்லை.

சுவரில் அவள் நிமிர்ந்தாள். அவளுக்காக மெதுவாகச் சொன்னேன்:

"நெத்தியில இருக்குங்க."

சுவரில் அவர் கை நெற்றிக்குப் போனது. கூடத்தில் இவர் கையும் போனது. இரண்டு இடத்திலும் கண்ணாடி இருந்தது.

முதலில் வெடித்துச் சிரித்தவர் என் வீட்டுக்காரர்தான்.

இப்போது உலகத்தின் ஒரே பிரதி துணி துவைக்கும் இடத்தில் ஓடுகிறது. நான் குரல் கொடுத்தால்தான் வருவோம் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்களாம். என்னைக் கூப்பிட வந்த என் வீட்டுக்காரர் என் சன்னலோர மூலையில், நான் கும்பிட்டு முடிக்கும்வரை மூச்சு விடாமல் நிற்கிறார்.