டர்னிப் ஜாடியோடு போன பதினேழு பேர்

மாதபா,
சனிக்கிழமை காலை

எங்கள் தந்தை இல்லாத இடத்தில் தந்தையாகவும், ஜர்கா நகரத்து டயர் வியாபாரிகள் நடுவே தலை நிமிர்ந்தும் நிற்கிற மூத்தவர் ஃபவாஸ் அண்ணன் அவர்களின் சமூகத்துக்கு, தம்பி முஃப்லிஹ் சலாம் கூறி எழுதிக்கொள்வது. அண்ணியும் பிள்ளைகளும் உங்கள் இடது முழங்காலும் சுகமாயிருக்க அல்லாஹ் அருள்வானாக. இங்கே நானும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இரண்டாவது பத்தியிலேயே அது பொய்யாகிவிடும் என்பதால் எழுதவில்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நான் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் கத்த ஆரம்பித்துவிடுவீர்கள், நான் மீதியைச் சொல்ல முடியாது. கடிதத்தைப் பார்த்து எவ்வளவு கத்தினாலும் அது பாட்டுக்குத் தன் விஷயத்தைச் சொல்லிக்கொண்டே போகும். ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் கடை நிமிராவிட்டால் இழுத்துப் பூட்டிவிட்டு, ஜர்காவுக்கு வந்து உங்கள் கிடங்கில் டயர் அடுக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. மறக்க முடிந்தால் இந்த இரண்டு மாதத்தில் ஒரு நாளாவது தூங்கியிருப்பேன். நான் ஊறுகாய்க்காரன், அண்ணே. இருபத்திரண்டு வருஷமாக ஒரு பொருளை உப்புநீரில் போட்டுவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருப்பதுதான் என் தொழில். டயர் பக்கத்தில் எத்தனை நாள் உட்கார்ந்தாலும் அது ஊறாது.

சிறு வியாபாரிகளுக்கான இலவசப் பயிற்சி என்று ஒரு துண்டுச்சீட்டை அனுப்பி என்னை அங்கே போகச் சொன்னது நீங்கள்தான் என்பதை இங்கே பணிவோடு நினைவூட்டுகிறேன். போனேன். அம்மானிலிருந்து தாலா என்று ஒரு பெண் வந்திருந்தாள். என் கடையின் சின்ன பீப்பாய் உயரம், குரல் மட்டும் பெரிய பீப்பாய். சாக்பீஸால் தரையில் ஒரு வட்டம் போட்டு, இதுதான் உங்கள் சௌகரிய வட்டம், இதற்குள்ளேயே இருப்பதால்தான் உங்கள் கடை வளரவில்லை, வெளியே கால் வையுங்கள் என்றாள். பன்னிரண்டு கடைக்காரர்களும் எழுந்து வட்டத்தைத் தாண்டிக் குதித்தோம். கடைசி வரிசையில், திருமண உடுப்புகளை வாடகைக்கு விடும் ஒரு பெண்மணி மட்டும் கை தூக்கி, "வட்டத்த விட்டு வெளிய வந்துட்டோம் சரி, அங்க உக்கார நாற்காலி போட்டிருக்காங்களா?" என்று கேட்டார். என் மனதில் இருந்ததே அதுதான். தாலா கையிலிருந்த சாக்பீஸ் தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டாள். தினமும் பயமான காரியம் ஒன்று செய்யுங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டு அம்மானுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

முதல் நாள், சின்னதாக ஆரம்பிப்போம் என்று, கடை வாசலுக்கு இடப்பக்கம் இருக்கும் என் நாற்காலியை எடுத்து வலப்பக்கம் போட்டு உட்கார்ந்தேன். அவ்வளவுதான் செய்தேன். இருபத்திரண்டு வருஷமாக ஒரு மனுஷன் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்ததும் நான் இறந்துவிட்டேன் என்று தெரு முடிவு கட்டிவிட்டது. நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து முப்பது பேர் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். வலப்பக்கம் உட்கார்ந்திருந்த என்னை நீங்கள் என்று நினைத்து (நாம் இருவரும் ஒரே ஜாடையாம்) கை கொடுத்து ஆறுதல் சொன்னார்கள். எதிர்க்கடை முடிதிருத்துபவர் ஜிர்யிஸ் என் தோளில் கை வைத்து, "ஃபவாஸு, உன் தம்பி தங்கமான மனுஷன்பா. ஊறுகாயில உப்பு மட்டும் ஒரு பிடி கூடப் போடுவான், அது பரவால்ல, போன மனுஷனப் பத்தி என்ன பேச" என்றார்.

"ஜிர்யிஸ், நான்தான் முஃப்லிஹ்."

"துக்கத்துல மனுஷன் இப்படித்தான் பேசுவான். அழுதுரு, அழுதா தேவல."

வந்தவர்களைக் கசப்புக் காபி இல்லாமல் அனுப்பினால் குடும்பத்துக்குத்தான் கெட்ட பெயர். ஆகவே என் துக்கத்துக்கு நானே காபி காய்ச்சி ஊற்றினேன். உங்கள் பெயரில்தான் ஊற்றினேன். ஊரில் உங்களுக்கு நல்ல பெயர்.

இரண்டாம் நாள் புதுச்சரக்கு போட வேண்டும் என்று தர்பூசணியை மிளகாயோடு ஊறப் போட்டேன். அதைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். ஜாடிக்குள் வாயு ஏறி மூடி பறந்த வேகத்தில் ஜிர்யிஸ் கடைக் கண்ணாடி இரண்டாகிவிட்டது. நான் உயிரோடிருப்பதை அவர் அன்றுதான் நம்பினார்.

அடுத்த வாரம் தாலா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உங்களுக்கு எந்த வாங்குபவரைப் பார்த்தால் ரொம்பப் பயம் என்று கேட்டாள். சாக்கடல் கரை ஓட்டலுக்குச் சரக்கு எடுக்கும் மேலாளர் ஸுஹைர் என்றேன். நேரில் போய்க் கேளுங்கள், தனியாகப் போகாதீர்கள், ஒரு நல்ல அணியைத் திரட்டிக்கொள்ளுங்கள் என்றாள். அண்ணே, நம்மூரில் ஒரு மனுஷன் பெரிய காரியம் கேட்க ஆள் திரட்டினால் அதற்கு என்ன பெயர்? ஜாஹாதானே. பெண் கேட்கவும் கொலைப்பகை தீர்க்கவும் போவது போல, மேலங்கி போட்ட பெரியவர்கள் பதினாறு பேரைத் திரட்டினேன், என்னோடு பதினேழு. ஆளுக்கொரு டர்னிப் ஊறுகாய் ஜாடியை மடியில் கொடுத்தேன். ஓட்டல் வாசலில் இத்தனை பேரை உள்ளே விட மாட்டார்கள் என்று, வெள்ளிக்கிழமை பிற்பகல், அதாவது நேற்று, மினிபஸ் பிடித்து ஸுஹைர் வீட்டுக்கே போனோம். அவரும் மாதபாதான், தேவாலயத்துக்குப் பின்தெரு.

பேசுவதற்கு ஹாஜியார் அபூ ஷாஹிரை விட்டால் யார் இருக்கிறார்கள். நாற்பது வருஷமாக இந்த ஊர் ஜாஹாக்களுக்கு அவர்தான் தலைவர். பஸ்ஸில் போகும்போது என்னிடம், "எந்தப் பேச்சுப்பா பேசணும்? பொண்ணு கேக்கறதா, கொலைக்குச் சமாதானமா?" என்றார்.

"ரெண்டும் இல்ல ஹாஜியார். டர்னிப் ஊறுகாய்."

"எங்கிட்ட ரெண்டுதான் இருக்கு. இந்த வயசுல மூணாவது வராது. ஒண்ணச் சொல்லு."

"கொலைப் பேச்சுல என்ன வரும்?"

"நம்ம பக்கத்து ஆளு உங்காளக் கொன்னுட்டான், ஒத்துக்கறோம்னு ஆரம்பிக்கணும்."

நீங்களே சொல்லுங்கள், வியாபாரம் கேட்கப் போகிற இடத்தில் அப்படியா ஆரம்பிக்க முடியும்? பெண் கேட்கிற பேச்சையே பேசுங்கள், பெண் வருகிற இடத்தில் மட்டும் டர்னிப் என்று போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். "அது ஒண்ணும் கஷ்டமில்ல" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஸுஹைர் மரியாதையாக வரவேற்றார். காபி வந்தது. கேட்டது கிடைக்கும்வரை குடிக்கக் கூடாது என்ற முறைப்படி ஹாஜியார் கோப்பையை முன்னால் வைத்தார், நாங்களும் வைத்தோம். எழுந்தார், தொண்டையைச் செருமினார், பேச்சு ஓடியது. அதுவரை நன்றாகத்தான் போனது, அண்ணே. உங்கள் வீட்டின் கண்ணியம் என்றார், எங்கள் பிள்ளை முஃப்லிஹின் நேர்மை என்றார், நான்கூடக் கண் கலங்கினேன். டர்னிப் வரவேண்டிய இடம் வந்தது. அந்த மனுஷன் தயக்கமே இல்லாமல், "உங்க தங்கச்சி ஹியாமை எங்க பையன் முஃப்லிஹுக்குக் கேட்டு வந்திருக்கோம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். ஹியாம் என்று ஒருத்தி இருப்பதே எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கிறது, மாதபாவில் கல்யாணமாகாத அத்தனை பேரும் அவர் மனப்பாடம்.

நான் எழுந்து நிற்கப் பார்த்தேன். ஜாஹா தலைவர் பேசியதற்கு மேல் வாய் திறப்பவன் மனுஷனா என்று ஒரு கை என் மேலங்கியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தது. ஸுஹைர் உள்ளே போனார். திரும்பி வந்து, "காபியைக் குடிங்க பெரியவரே, நீங்க கேட்டு வந்தது கிடைச்சாச்சு" என்றார். பதினாறு பேரும் ஒரே மடக்கில் குடித்தார்கள். நா வறண்டு கிடந்ததால் நானும் குடித்துவிட்டேன். நிச்சயத்தை உறுதிசெய்யும் பாத்திஹா ஓதினோம். உள்ளே பெண்கள் குலவையிட்டார்கள். அந்த ஒரு நொடியில், டர்னிப்பை இவ்வளவு விரும்புகிற குடும்பமா என்று நினைத்துக்கூடப் பார்த்தேன், மனசு அப்படித்தான் தப்பிக்கப் பார்க்கும். நிச்சயத்துக்குப் பரிமாறும் குனாஃபா இனிப்பு வந்ததும் அந்த நினைப்பும் போய்விட்டது.

கிளம்பும்போது ஸுஹைரை ஓரமாக இழுத்து, ஓட்டலுக்கு ஊறுகாய் எடுக்கிற விஷயம் என்று மெல்ல ஆரம்பித்தேன். அவர் சிரித்து, "மச்சான், சொந்தக்காரங்ககிட்ட சரக்கு எடுத்தா ஓட்டல்ல என் வேலை போயிடும். நேத்து வந்திருந்தா யோசிச்சிருப்பேன்" என்றார்.

இப்போது என் நிலைமை விளங்குகிறதா? நிச்சயம் நிற்கிறவரை ஆர்டர் இல்லை. நிச்சயத்தை முறித்தால் அந்த வீடு அவமானப்பட்டு அதற்கப்புறமும் ஆர்டர் இல்லை. பார்த்தே இராத ஒரு பெண்ணின் மாப்பிள்ளையாக, கடையில்லாத ஊறுகாய்க்காரனாக நிற்கிறேன். நாற்பத்தாறு வயதில் எனக்குப் பயமாக இருக்கிறது, அதை வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை.

ஆகையால் நீங்கள் வியாழக்கிழமைக்குள் ஜர்காவிலிருந்து இன்னொரு ஜாஹாவைக் கூட்டி வந்து, எங்கள் பையனுக்குப் புத்தி சரியில்லை என்றாவது சொல்லி, யார் முகமும் கோணாமல் இதைக் கலைத்துவிட வேண்டும். ஹாஜியாரை மட்டும் கூட்டி வர வேண்டாம், அவர் இன்னொருத்தியையும் கேட்டுவிடுவார். பெருநாள் முடிந்ததும் கடையைப் பூட்டிவிட்டு டயர் அடுக்க வருகிறேன். சிறுகடைக்காரன் தன் வட்டத்தை விட்டு ஒரு அடிகூட வெளியே வைக்கக் கூடாது என்பதை அடுத்த வகுப்பில் தாலாவிடம் எழுந்து நின்று சொல்லத்தான் போகிறேன்.

அண்ணிக்கு என் சலாம். பிள்ளைகளின் நெற்றியில் என் பெயரில் ஒரு முத்தம். உங்கள் டயர்களில் பரக்கத்தும், உங்கள் முழங்காலில் வலுவும் அல்லாஹ் தருவானாக. நீங்கள் கத்தி முடித்ததும் தண்ணீர் குடிக்கவும்.

உங்கள் பாசத்துக்கும் கோபத்துக்கும் உரிய தம்பி,
முஃப்லிஹ்

பின்குறிப்பு: இதை ஜர்கா போகும் ரொட்டி வேன்காரரிடம் கொடுத்தனுப்பக் காத்திருந்தேன். வேனுக்கு முன்னால் ஹியாம் வந்துவிட்டார். பார்த்தால், வகுப்பில் கடைசி வரிசையிலிருந்து நாற்காலி கேட்ட அதே பெண்மணி. எல்லாம் தவறுதலாக நடந்துவிட்டது, அண்ணன் வந்து சரிசெய்துவிடுவார் என்றேன். "தவறுதலா? ஜன்னல் வழியா பாத்தேனே. பொண்ணு கேக்க வர்றவங்க ஆளுக்கொரு டர்னிப் ஜாடிய மடியில வெச்சுக்கிட்டா வருவாங்க? தெரிஞ்சுதான் எங்கண்ணன்கிட்ட சரின்னேன். இதுக்கு முன்னாடி பதினோரு ஜாஹாவுக்கு மாட்டேன்னு சொல்லியிருக்கேன். அதுக்கெல்லாம் எனக்குப் பயமே வந்ததில்ல. நேத்துதான் வந்துச்சு. பயமான காரியத்த செய்யச் சொன்னாங்கல்ல" என்றார். ஒரு துண்டு டர்னிப்பைக் கடித்துப் பார்த்து, உப்பு ஒரு பிடி கூட என்றார். மாதம் இருபது கல்யாணத்துக்கு உடுப்பு கொடுக்கிறாராம். இருபது விருந்துக்கும் என் ஊறுகாயை எடுக்கும்படி கமிஷன் வாங்காமல் பேசி வைப்பதாகவும், ஓட்டல் கிடக்கட்டும் என்றும் சொன்னார்.

ஆகவே ஜாஹா வேண்டாம். கல்யாணத்துக்கு வாருங்கள், டயர் அடுக்க வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். போகும்போது அவர் தன் கடையிலிருந்து ஒரு நாற்காலியை அனுப்பி வைத்தார், வாசலுக்கு வலப்பக்கம் போடச் சொல்லி. போட்டேன். என்னுடையதையும் அதன் பக்கத்தில் நகர்த்தி உட்கார்ந்திருக்கிறேன். லுஹர் தொழுகை முடிந்துவிட்டது, இதுவரை யாரும் துக்கம் விசாரிக்க வரவில்லை.